மடங்கிய கால்கள்

ஒரு மனிதன் தரையில் கிடக்கிறான். உடம்பைச் சுற்றிக் கந்தல். விலா எலும்புகளை எண்ணிவிடலாம். எழப் பார்க்கிறான். முழங்கை ஊன்றுகிறது, தோள் ஒருபக்கமாகத் தூக்குகிறது, தலை அதோடு சேர்ந்து எழ முயன்று பின்னுக்குச் சரிகிறது. மறுபடியும் முதலிலிருந்து. விரல்கள் உள்நோக்கிச் சுருண்டிருக்கின்றன, மடங்கிய கால்கள் மடங்கியபடியே இருக்கின்றன. பின்னணியில் பிரான்சின் ஒவெர்ன் மலைநாட்டு இடையர் பாட்டு ஒரு பெண்குரலில் ஒலிக்கிறது. அந்தக் குரலின் தெளிவுக்கும் இந்த உடலுக்கும் எந்த உறவும் இல்லை. எழுந்து நின்றபின் ஏதோ ஆடப்போகிறான் என்று காத்திருக்கும் பார்வையாளருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் புரிகிறது, எழ முடியாமல் போவதுதான் ஆட்டம் என்று. 1972 அக்டோபர் 25 முதல் நவம்பர் 20 வரை, டோக்கியோவின் ஷின்ஜுகு பகுதியில் ஒரு சிறிய அரங்கில், ஜப்பானிய ஆடற்கலைஞர் ஹிஜிகாட்டா தட்சுமி தன் குழுவினரோடு ஐந்து படைப்புகளை 27 இரவுகள் நிகழ்த்தினார். அவற்றில் முதலாவதான ‘ஹோசோதான்’ படைப்பில் அவர் தனியாக ஆடிய பகுதி இது. ‘ஹோசோதான்’ என்றால் பெரியம்மைக் கதை.

இது பஞ்சத்தைப் பற்றிய ஆட்டம் என்று எங்கும் அறிவிக்கப்படவில்லை. தலைப்பில் இருப்பது நோய். ஆனால் பஞ்ச காலத்தில் வெறும் பட்டினியால் சாகிறவர்கள் குறைவு. பட்டினியால் நலிந்த உடலுக்குள் புகுந்த காலராவும் மலேரியாவும் அம்மையும்தான் பெரும்பாலோரைக் கொண்டுபோகின்றன. அதனால் அம்மையின் பெயரைத் தாங்கிய ஒரு படைப்பைப் பஞ்சத்தின் பக்கம் வைத்துப் படிப்பதில் வலிந்த பொருள்கோள் எதுவும் இல்லை. என் வாதம் இன்னும் சற்றுத் தூரம் போகிறது. பஞ்சம் மூன்றாம் தலைமுறைக்கு விட்டுப்போவது துக்கத்தை அல்ல என்று நினைக்கிறேன். முகம் தெரியாதவர்களுக்காக நீண்ட நாள் துக்கப்பட யாராலும் முடியாது. விட்டுப்போவது உடம்பின் ஒரு வாகு: உட்காரும் விதம், தின்னும் விதம், கையை மடித்துக்கொள்ளும் விதம், பிறர் முன்னால் நிமிராமல் இருக்கும் விதம். அந்த வாகைத் தொடக்கூடிய கலை ஒன்று உண்டென்றால் அது நடனம்தான். ஆனால் அதற்கு நடனம் தன்னிடம் உள்ள மிகப் பெரிய சொத்தை, பயிற்சி பெற்ற உடலின் பலத்தை, முதலில் கைவிட வேண்டும். ஹிஜிகாட்டா கைவிட்டார். பஞ்சத்தை மேடையேற்றிய பலரும் அதைத்தான் கைவிடத் தயங்கினார்கள்.

அவர் பிறந்தது 1928இல், ஜப்பானின் வடகிழக்கு வட்டாரமான தோஹோகுவில், அகிதாவில். அந்த வட்டாரத்தின் பஞ்சங்களுக்கு ஒரு காற்றின் பெயர் உண்டு. கோடையில் ஓகோட்ஸ்க் கடல் பக்கமிருந்து வரும் ஈரக் குளிர்காற்றை யமாசே என்கிறார்கள். கதிர் வரும் பருவத்தில் அது வீசினால் நெல் பால் பிடிக்காமல் பதராகிவிடும். மலைத்தொடருக்கு மேற்கே இருக்கும் அகிதாவை அது முழு வேகத்தில் தாக்குவதில்லை என்றாலும், மோசமான ஆண்டுகளில் அங்கும் தப்புவதில்லை. 1780களில் தென்மெய் பஞ்சம், 1830களில் தெம்போ பஞ்சம். காற்று மட்டும் இவ்வளவு பேரைக் கொல்லவில்லை. வடகோடியில் ட்சுகாருவை ஆண்ட ஹிரோசாகி நிர்வாகம் கடனை அடைப்பதற்காகக் களஞ்சியத்து அரிசியை ஒசாகாவுக்கும் எடோவுக்கும் கப்பலேற்றிவிட்டிருந்தது. 1783இல் விளைச்சல் பொய்த்தபோது ஊரில் இருப்பு இல்லை. பட்டினிக்காரர்களின் கண்ணெதிரே தானியம் துறைமுகத்துக்குப் போகும் அந்தக் காட்சி அயர்லாந்துக்காரர்களுக்கும் தெரியும், 1877இன் சென்னை மாகாணத்துக்கும் தெரியும். தோஹோகு மக்களிடம் பஞ்சத்துக்கென்று ஒரு வட்டாரச் சொல் இருந்தது: கெகாச்சி. பிறந்த சிசுவை வளர்க்காமல் விடுவதற்கும் ஒரு சொல் இருந்தது: மபிகி. அடர்ந்து முளைத்த நாற்றில் சிலதைப் பிடுங்கி எறிந்து மற்றதை வளரவிடும் வேலைக்கு உழவர்கள் வைத்திருந்த பெயர் அது. வயலின் சொல்லை வீட்டுக்குள் எடுத்துவந்து, செய்ததைச் சொல்லாமல் சொல்லிக்கொண்டார்கள்.

இவை பழங்கதைகளாகவும் ஆகிவிடவில்லை. 1930இல் நெல் அமோகமாக விளைந்தது. கொரியாவிலிருந்தும் தைவானிலிருந்தும் வந்திறங்கிய காலனி அரிசியும் சேர்ந்துகொள்ள விலை தரைமட்டத்துக்குச் சரிந்தது. விளைந்தும் பட்டினி. அடுத்த ஆண்டே குளிர் வந்தது, 1934இல் இன்னும் கொடூரமாக வந்தது. பெண்பிள்ளைகளை முன்பணம் வாங்கிக்கொண்டு ஆலைகளுக்கும் விலைமாதர் விடுதிகளுக்கும் அனுப்பினார்கள். 1936 பிப்ரவரி 26 அன்று டோக்கியோவில் கலகம் செய்த இளம் அதிகாரிகள் தங்கள் ஆத்திரத்துக்குச் சொன்ன காரணங்களில் தோஹோகு கிராமங்களின் நிலையும் ஒன்று. 1934இல் ஹிஜிகாட்டாவுக்கு ஆறு வயது.

ஆனாலும் அந்தத் தலைமுறை இதையெல்லாம் தன் பிள்ளைகளுக்கு உட்காரவைத்துச் சொல்லியிருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. பஞ்சம் நினைவாகக் கைமாறுவதற்குக் குறுக்கே நிற்பது வெட்கம். அயர்லாந்தில் 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சம் ஏறக்குறைய பத்து லட்சம் உயிர்களைக் கொண்டது. அதன் நூற்றாண்டையொட்டி 1945இல் அங்கே வாய்மொழி வழக்காறுகளைத் திரட்டியபோது, எங்கள் ஊரில் அவ்வளவு மோசமில்லை, மோசமானதெல்லாம் பக்கத்து ஊரில்தான் என்ற பதில் திரும்பத் திரும்ப வந்தது. எல்லா ஊருக்கும் பஞ்சம் பக்கத்து ஊரில் இருந்தது. தின்னக் கூடாததைத் தின்றது, கதவைச் சாத்திக்கொண்டது, யாருக்கு முதலில் கொடுப்பது என்று ஒரு தாய் முடிவெடுத்தது, இவற்றை யார் பேரனிடம் சொல்வார்கள்? தமிழில் இதற்கு வேறொரு சான்று இருக்கிறது. 1876–78 பஞ்சத்தைத் தாது வருஷப் பஞ்சம் என்று பெயர்வைத்து நினைவில் கொண்ட நம் மொழியில், இன்று அதன் மிச்சம் பெரும்பாலும் வசவாகத்தான் புழங்குகிறது. அவசரமாக அள்ளித் தின்பவனை, மெலிந்து கன்னம் ஒட்டியவளை, ‘பஞ்சத்துல அடிபட்டவன் மாதிரி’, ‘பஞ்சத்துல அடிபட்டவ மாதிரி’ என்கிறோம். யார் அடித்தார்கள், எங்கே அடித்தார்கள் என்பது மறந்துபோயிற்று. அடிபட்ட உடம்பு எப்படி இருக்கும் என்பது மட்டும் நாக்கில் நிற்கிறது, அதுவும் ஏளனமாக. ‘பஞ்சத்துக்கு ஆண்டியா, பரம்பரை ஆண்டியா’ என்ற கேள்வியும் அப்படித்தான். பஞ்சத்தின் உடலையும் பரம்பரையின் உடலையும் பிரித்துப் பார்க்க முடியும் என்று அது நம்புகிறது. மூன்று தலைமுறை போனபின் அந்தப் பிரிவினை நிற்குமா என்பதே எனக்குச் சந்தேகம்.

1985 பிப்ரவரியில், சாவதற்கு ஓராண்டுக்கும் குறைவான காலத்துக்கு முன்பு, ஹிஜிகாட்டா ஒரு உரை நிகழ்த்தினார். அதில் குழந்தைகளைப் பற்றிய ஒரு பகுதி வருகிறது. நடவுக் காலத்தில் பெற்றவர்கள் வயலில் இறங்குமுன் கைக்குழந்தைகளை இசுமே என்ற வைக்கோல் கூடைக்குள் உட்காரவைத்து, துணியைத் திணித்து அசையாமல் கட்டி, வரப்போரம் விட்டுவிடுவார்கள். பிள்ளை நாள் முழுக்க அழும். ஈரக் காற்றில் அந்த அழுகை வேலை செய்கிறவர்களின் காதுக்குப் போய்ச் சேராது. சேர்ந்தாலும் நடவை விட்டு வர முடியாது. அழுது ஓய்ந்து, கூடைக்குள்ளேயே மலஜலம் கழித்து, அரித்து, இருட்டிய பிறகு வீட்டுக்கு வந்து தூக்கினால் கால் நீளாது. மடங்கிய கால் மடங்கியபடி மரத்துக் கிடக்கும், பிள்ளை நிற்காது. அந்தக் கால்களிலிருந்துதான் தான் ஆடக் கற்றதாக அவர் சொன்னார். உரைக்கு அவர் வைத்த தலைப்பில் ‘நலிந்த உடல்’ என்ற சொல் இருக்கிறது. அப்படிப்பட்ட உடல்களைச் சேகரிப்பதைப் பற்றிய உரை அது. சேகரிப்பது என்ற சொல்லை விதைநெல் சேகரிப்பதோடு சேர்த்துக் கேட்கத் தோன்றுகிறது. இந்தக் குழந்தைகள் பஞ்சத்தில் சாகவில்லை. சாதாரண ஆண்டில், சாதாரண நாளில், பெற்றவர்களின் அன்பு குறையாமலே அந்தக் கூடையில் இருந்தார்கள். ஆனால் அந்த மண்ணில் நடவைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்பதைப் பெரியவர்களின் உடம்பு அறிந்திருந்தது. குழந்தை அழும்போதும் நிமிராமல் நட்டுக்கொண்டு போகும் அந்த முதுகில் தென்மெய் பஞ்சம் இருக்கிறது. அந்த முதுகின் பயத்தைத்தான் குழந்தையின் கால் வாங்கிக்கொள்கிறது.

இதை எப்படி ஆடுவது? பசித்தவன் மாதிரி வயிற்றைத் தொட்டுக் காட்டலாம், கையேந்தலாம், கன்னத்தை உள்ளிழுக்கலாம். இவை அபிநயங்கள்; செய்கிறவரின் தசை ஒவ்வொரு நொடியும் தன் கட்டுப்பாட்டைப் பறைசாற்றிக்கொண்டிருக்கும். ஹிஜிகாட்டா வேறு வழி கண்டார். அவருடைய ஆடல் குறிப்புகளில் கை கால் எங்கே போகவேண்டும் என்பதற்கு முன்னால் உடம்புக்கு என்ன நேர்கிறது என்பது இருக்கும். அவற்றில் பெயர்பெற்றது பூச்சிகளின் நடை. கைவிரல் இடுக்கிலிருந்து ஒரு பூச்சி புறங்கைக்கு ஏறுகிறது. இன்னொன்று கழுத்திலிருந்து முதுகுக்கு இறங்குகிறது. பிறகு தொடை, மார்பு, காது, முழங்கால் மடிப்பு. எண்ணிக்கை பெருகப் பெருக ஆடுபவரால் எதற்கும் பதில் சொல்ல முடிவதில்லை. கடைசியில் அவை துளைவழியே உள்ளே புகுந்து உறுப்புகளைத் தின்னத் தொடங்குகின்றன. இதை நடிக்க முடியாது. கவனத்தை இத்தனை இடங்களில் சிதறவிட்ட உடம்பு தானாகவே நடுங்கும், சாயும், பாதியில் நிற்கும். தன் உடம்பின் சொந்தக்காரனாக இருப்பதிலிருந்து ஆடுபவர் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளப்படுகிறார். பட்டினியின் நடுக்கட்டத்தில் நடப்பதும் ஏறக்குறைய இதுதான்: உடம்பு தன்னையே தின்னத் தொடங்கிவிடுகிறது, யாரைக் கேட்டும் அல்ல.

எதிர்த்தரப்பின் மிக வலுவான முன்னுதாரணம் வங்காளம். 1943இன் பஞ்சத்தில் சுமார் 30 லட்சம் பேர் இறந்தார்கள். கல்கத்தாத் தெருக்களில் கேட்ட குரல் ‘ஃபேன் தாவோ’ என்பது. சோறுகூட அல்ல, சோறு வடித்த கஞ்சியைக் கேட்டார்கள். அந்தக் குரல் ஓயும் முன்பே இந்திய மக்கள் நாடக மன்றத்தின் கலைஞர்கள் மேடையேறிவிட்டார்கள். 1944இல் பிஜன் பட்டாச்சார்யாவின் ‘நபான்ன’ நாடகம் வந்தது. அதே காலத்தில் பம்பாயில் இயங்கிய மத்தியக் குழுவுக்காக, அல்மோராவில் உதய் சங்கரிடம் இருந்து வந்த சாந்தி பர்தன் ‘இந்தியாவின் ஆன்மா’ என்ற நாட்டிய நாடகத்தை அமைத்தார். பட்டினியும் பதுக்கலும் அதன் பொருள். மக்கள் ஒன்றுபட்டு எழுவது அதன் முடிவு. நாடு முழுக்கப் பயணம் போய் நிவாரணத்துக்குப் பணம் திரட்டினார்கள். அவர்களைப் பார்த்து, பலமான உடல்களால் பட்டினியை நடித்தீர்கள் என்று குறை சொல்ல எனக்கு வாய் வராது. அன்று தேவைப்பட்டது அரிசி. பார்க்கிறவர் உடனே புரிந்துகொண்டு சட்டைப்பையில் கைவிட வேண்டும். அதற்குத் தெளிவான சைகைகள் வேண்டும், கடைசியில் நிமிர்ந்து நிற்கும் கூட்டம் வேண்டும். நான் சொல்வது வேறு. அந்த வடிவம் அந்த நாளுக்குரியது. ஐம்பது, நூறு ஆண்டு கழித்து, பஞ்சத்தின் பேரப்பிள்ளைகளுக்காக ஆடும்போதும் அதே வடிவத்தை எடுத்தால், விழுந்த கூட்டம் கடைசிக் காட்சியில் விளக்கொளியோடு எழுந்து நின்றால், செத்தவர்களை நாம் நம் எழுச்சிக்கு முன்னுரையாக்கிவிடுகிறோம். அவர்கள் எழவில்லை. இன்று மேடையேறும் பஞ்ச நடனங்களில் பல இந்த இடத்தில்தான் வழுக்குகின்றன. துள்ளும் தொடைகளும் ஒத்திசைந்த மூச்சும் எதைச் சொன்னாலும் ஆரோக்கியத்தையே சொல்லும்.

இந்த வாதத்துக்கு வரும் மறுப்புகளில் முதலாவது எளிதானது: நினைவை உடம்பு பரம்பரையாகப் பெறுவதில்லை, ஹிஜிகாட்டா காட்டும் குனிந்த முதுகும் வளைந்த காலும் நெல் சாகுபடி தந்தவை, பஞ்சம் தந்தவை அல்ல. இதற்கு விடை சொல்லப் பலர் இப்போது அறிவியலை அழைக்கிறார்கள். 1944–45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் ஜெர்மன் முற்றுகையால் வந்த பட்டினியின்போது கருவில் இருந்தவர்களை, அறுபது ஆண்டுக்குப் பின் ஆராய்ந்து 2008இல் வெளியிட்ட ஆய்வு, அவர்களுடைய மரபணுவின் மேல் உள்ள வேதிக் குறிகளில் வேறுபாடு இருப்பதைக் காட்டியது. முக்கியமான கண்டுபிடிப்பு. ஆனால் நடனத்தைப் பற்றிப் பேசும்போது அதன்மேல் சாய்ந்துகொள்வதை நான் விரும்பவில்லை. அது தாயின் வயிற்றில் இருந்த பிள்ளையைப் பற்றியது, வளர்சிதை மாற்றத்தைப் பற்றியது; சோகம் மரபணுவில் இறங்குகிறது என்று அது சொல்லவில்லை. எனக்கு அது தேவையும் இல்லை. ஒரு வாகு கைமாறுவதற்கு மரபணு வேண்டாம், ஒரு கூடை போதும். தட்டில் பருக்கை மிச்சம் வைத்த பிள்ளையின் முதுகில் விழும் அடி போதும். சாகுபடிதான் முதுகை வளைத்தது என்பது சரி. ஆனால் எந்தப் பயத்தில் அந்தச் சாகுபடி நடந்தது என்பதை வளைவிலிருந்து தனியே பிரித்தெடுக்க முடியுமா?

இரண்டாவது மறுப்பு கடினமானது. ஹிஜிகாட்டா தன் பிள்ளைப்பருவத்தைப் பெருமளவு கதையாக்கிக்கொண்டவர். அவர் வீடு சோபா நூடுல்ஸ் கடை நடத்திய வீடு; அடிமட்ட ஏழ்மையில் கிடந்த வீடல்ல. இறந்த அக்கா ஒருத்தி தன் உடம்புக்குள் குடியிருப்பதாகவும், தான் ஆடும்போது அவள் எழுவதாகவும் சொன்னாரே, அந்த அக்காவைச் சுற்றி அவர் பின்னிய கதைகளையும் பிற்கால ஆய்வாளர்கள் ஐயத்தோடுதான் பார்க்கிறார்கள். இதோடு காலத்தையும் சேர்த்துப் பாருங்கள். 1970இல் ஜப்பானிய ரயில்வே ‘ஜப்பானைக் கண்டுபிடியுங்கள்’ என்று ஒரு பெரும் விளம்பர இயக்கத்தைத் தொடங்கியது. பொருளாதாரம் ஏறுமுகத்தில் இருந்தது. நகரத்து இளைஞர்கள் தொலைந்த கிராமத்தைத் தேடி வண்டியேறினார்கள். அந்த நேரத்தில் ஷின்ஜுகுவில் ஒரு கலைஞன் தோஹோகுவின் நலிந்த உடலைக் காட்சிக்கு வைக்கிறான். வயிறு நிறைந்தவர்கள் காசு கொடுத்துப் பசியைப் பார்க்கிறார்கள். அதற்கு முன்பே, அகிதாவின் வயல்களில் ஹிஜிகாட்டா பேயைப்போல ஓடுவதை ஏகோ ஹொசோவே படமெடுத்து ‘கமாய்தாச்சி’ என்ற நூலாக 1969இல் வெளியிட்டிருந்தார். அழகான படங்கள், அந்த அழகேகூட உறுத்துகிறது. இந்தக் குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது, முழுக்கத் தள்ள நான் முயலமாட்டேன். ஆனால் கதையாக்கினார் என்பதாலேயே பொய்யாகிவிடாது. சோபா கடைப் பிள்ளை பக்கத்து வீட்டுக் கூடைகளைப் பார்த்து வளர்ந்தவன்தான். அயர்லாந்தில் எல்லோரும் பஞ்சத்தைப் பக்கத்து ஊருக்குத் தள்ளினார்கள். இவர் பக்கத்து வீட்டுப் பஞ்சத்தை இழுத்துத் தன் உடம்பில் போட்டுக்கொண்டார். வெட்கம் ஆளும் இடத்தில் இரண்டாவதுதான் அரிது. ரயில்வே சுவரொட்டி காட்டிய கிராமத்துக்குப் போய் ஓய்வெடுக்கலாம். ‘ஹோசோதான்’ காட்டும் உடம்பில் யாரும் ஓய்வெடுக்க முடியாது.

மூன்றாவது மறுப்பிடம் நான் தோற்கிறேன். நலிந்த உடல் யாரையும் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டுவதில்லை. ஹிரோசாகியின் கப்பல்கள் அதில் இல்லை, 1930இன் நெல்விலை இல்லை, பெண்பிள்ளைகளை வாங்க வந்த தரகர்கள் இல்லை. பார்த்து முடிக்கும்போது பஞ்சம் ஏதோ பனியும் சேறும் பெற்றெடுத்த விதி மாதிரி தோன்றிவிடும் ஆபத்து இருக்கிறது. வங்காளக் கலைஞர்கள் பதுக்கல்காரனை மேடையில் நிறுத்தினார்கள், இவர் நிறுத்தவில்லை. பஞ்சங்கள் தானியக் குறைவால் மட்டும் வருவதில்லை, அதைப் பெறும் வழி அடைபடுவதால் வருகின்றன என்று 1981இல் அமர்த்தியா சென் எழுதியதை எந்த ஆட்டமும் ஆடிக் காட்ட முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. அதற்குக் கணக்கேடு வேண்டும், வரலாறு வேண்டும், கோபமான உரைநடை வேண்டும். நடனம் அந்த வேலையைத் தானும் செய்வதாகப் பாவனை செய்தால் இரண்டுமே கெடும். கணக்கேட்டில் எழுதவே முடியாத ஒன்று இருக்கிறது, அறுவடை நன்றாக இருந்த ஆண்டிலும் நடவை விட்டு நிமிராத அந்த முதுகு. அதற்காக மட்டும் நடனத்தைக் கேட்கிறேன்.

‘ஹோசோதான்’ ஒரு படச்சுருளாக எஞ்சியிருக்கிறது. கெய்யோ பல்கலைக்கழகத்தில் 1998 முதல் ஹிஜிகாட்டாவின் குறிப்பேடுகளும் படங்களும் சேர்த்து வைக்கப்பட்டிருக்கின்றன. இன்று அந்தத் தனி ஆட்டத்தைக் கற்க விரும்பும் இளம் ஆடற்கலைஞர் படத்தை நிறுத்தி நிறுத்தி ஓட்டி, முழங்கை எங்கே ஊன்றுகிறது, தலை எந்த நொடியில் சரிகிறது என்று குறித்துக்கொள்ளலாம். கடினமான இடம் கால்களில் வரும். நல்ல சாப்பாட்டில், நல்ல பயிற்சியில் வளர்ந்த கால், விழும் உடலைத் தாங்கிக்கொள்ளத் தானாகவே நீளும். அதை நீளவிடாமல் பிடித்தால் தொடை இறுகுவது வெளியே தெரிந்துவிடும், நடிப்பாகிவிடும். நீள வேண்டும் என்ற நினைப்பே அந்தக் காலுக்கு வராமல் இருக்க வேண்டும். வைக்கோல் கூடையிலிருந்து இருட்டில் தூக்கிய பிள்ளையின் கால் அப்படித்தான் இருந்தது.